கேப்டனின் ஒருசந்தி

தவக்காலம் வந்தால் மனிதர்கள் இளைப்பார்கள். எங்கள் வீட்டில் ஒரு தவக்காலத்தில் ஒருவன் பெருத்தான். கேப்டன் என்று பெயர். எங்கள் நாய்.

பெயர் வைத்தவர் அப்பா. சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் ஃபிட்டர் வேலை அவருக்கு. வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில்தான் இருப்பார். கப்பலில் கேப்டன் முன்னால் வாய் திறக்க முடியாது. வீட்டுக்கு வந்தாலாவது "ஏலே கேப்டன், இங்கன வாலே, சும்மா கெடலே" என்று ஆசை தீர அதட்டலாமே என்றுதான் அந்தப் பெயர் என்று பெரியப்பா விளக்கம் சொல்வார். அப்பா அதை மறுத்ததில்லை. கேப்டனுக்கு ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒரு காது மடிந்திருக்கும். யார் கூப்பிட்டாலும் லேசில் எழுந்து வரமாட்டான். நான் கூப்பிட்டால் மட்டும் வருவான். அப்போது நான் நாலாம் வகுப்பு. அவன் என்னுடைய நாய் என்பதில் எனக்குத் துளிக்கூடச் சந்தேகம் இருந்ததில்லை.

வீட்டில் பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் மகனான அண்ணன், அம்மா, நான். பெரியப்பா துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் வேலை பார்த்தார். எந்தக் கண்டெய்னர் எந்த லாரியில் ஏறியது, எந்த கேட்டில் நிற்கிறது என்று நாள் முழுக்க ஃபோனில் கத்திவிட்டு வந்து, வீட்டிலும் அதே தொண்டையில் "உப்ப எடு" என்பார். பெரியம்மா கோயிலே கதி என்று இருப்பவள். அண்ணன் பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். புதிதாக ஒரு மீசையும் புதிதாக ஒரு டச் ஃபோனும் வைத்திருந்தான்; இரண்டையும் மாற்றி மாற்றித் தடவிக்கொண்டிருப்பான்.

எங்கள் ஆட்களுக்குத் தவக்காலம், பேச்சு வழக்கில் தபசு, என்றால் விபூதிப் புதன் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் வீட்டில் கறி கிடையாது. மீன் உண்டு. மீனையும் விடச் சொல்லியிருந்தால் எங்கள் கடற்கரையில் ஒருத்தர்கூட ஞானஸ்நானம் வாங்கியிருக்க மாட்டார் என்பது பெரியப்பாவின் கட்சி. கறி போக, ஒவ்வொருவரும் தனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றையும் விட வேண்டும். அதற்கு ஒறுத்தல் என்று பெயர். யார் எதை விட்டார்கள் என்பது வழக்கமாகத் தெருவுக்கே தெரியும். முந்தின வருஷம் பெரியப்பா காபியை விட்டார். விட்டதைக் காலையில் பால்காரரிடம் சொன்னார், துறைமுக கேட்டில் காவலரிடம் சொன்னார், பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்.

அந்த வருஷம் புதிதாக வந்திருந்த ஃபாதர், விபூதிப் புதன் பிரசங்கத்தில் அதற்குத்தான் ஒரு போடு போட்டார். ஒறுத்தலை ஊருக்குச் சொன்னால் அதோடு பலன் தீர்ந்தது, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்குக்கூடத் தெரியாமல் செய்யுங்கள் என்றார். சொல்லும்போது தன்னையே பார்த்ததாகப் பெரியப்பா வீடு வரும்வரை புலம்பிக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் பெரியம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"இந்தத் தபசுக்கு யாரும் யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. அவங்கவங்க ஒறுத்தல் அவங்கவங்களுக்கும் ஆண்டவருக்கும். கேட்டீங்களா?"

கேட்டோம். கேட்டதோடு நிற்காமல் எல்லோரும் அப்படியே நடந்தார்கள், அதுதான் வினை.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. எல்லோர் தட்டிலும் எல்லாம் இருந்தன. மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும் பெரியப்பா வழக்கம்போல வறுத்த சீலா மீன் துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். சாயங்காலமானால் பெரியம்மாவின் அறையிலிருந்து முந்திரி மக்ரூன் பலகார டப்பாவைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. யாரும் எதையும் விட்ட மாதிரி தெரியவில்லை. பெரியவர்கள் பேச்சுக்குச் சொன்னார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். நான் மட்டும் யோக்கியமாக ஒன்றை விட்டிருந்தேன். பாகற்காய். பிடித்ததை அல்லவா விட வேண்டும் என்று யாராவது மடக்கியிருப்பார்கள். ரகசியம் என்பதால் மடக்க ஆள் இல்லை.

தவக்காலம் பாதி தாண்டுவதற்குள் கேப்டனின் கழுத்துப்பட்டையைத் தளர்த்திப் போட வேண்டியிருந்தது. மொட்டை மாடிக்கு என்னோடு ஓடி வருகிறவன் பாதிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். "வயசாவுதுல்லா" என்றார் பெரியப்பா. "நல்லாத்தான இருக்கான், கண்ணு வைக்காதீங்க" என்றாள் பெரியம்மா. அண்ணன் அதை "மசில்" என்றான். அந்த நாட்களில் அம்மா பொதுவாகவே அதிகம் பேசவில்லை.

குருத்தோலை ஞாயிறு முடிந்து பெரிய வாரம் பிறந்ததும் கேப்டன் சாப்பாட்டை நிறுத்தினான். தட்டில் வைத்த மீன் தலை அப்படியே கிடந்தது. மோந்து பார்த்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஓடிப்போய்ப் பெரியம்மாவை இழுத்து வந்தேன். பெரியம்மா குனிந்து தட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"ஏளா, பெரிய வாரம்லா! ஒருசந்தி இருக்கான்."

ஒருசந்தி என்பது நாளுக்கு ஒருவேளை மட்டும் சாப்பிட்டு இருக்கிற நோன்பு. எங்கள் வீட்டில் பெரியம்மாவைத் தவிர அதை ஒழுங்காக இருக்கிறவர்கள் கிடையாது. இத்தனை வருஷம் கழித்து வீட்டில் ஒரு துணை கிடைத்ததே என்ற பூரிப்பு அவளுக்கு.

மறுநாள் அதைவிடப் பெரிய காரியம் நடந்தது. கேப்டன் முன்னறைக்கு வந்தான். முன்னங்கால்களை மடக்கி, நெஞ்சைத் தரையில் வைத்து, பின்பக்கத்தை மட்டும் உயர்த்திக்கொண்டு அசையாமல் அப்படியே இருந்தான். எதிரே சுவரில் சேசுவின் திருஇருதயப் படம்.

"சேசுவே! முழங்கால் போட்டுச் செபிக்கானே!" என்று பெரியம்மா அலறியதில் தெரு கூடிவிட்டது.

சும்மா சொல்லக்கூடாது, பார்க்கச் செபிக்கிற மாதிரியேதான் இருந்தது. செபமாலைக் குழுவைச் சேர்ந்த அக்காமார் வந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் தன் செபமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். அண்ணன் ஃபோட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினான். பெரியப்பா வாசலில் நின்று, ஒரு மாதத்துக்கு மேல் அடக்கி வைத்திருந்த தொண்டையைத் திறந்துவிட்டார். "நம்ம வீட்டு நாய் ஒருசந்தி இருக்கு, தெரியுமாவே?" என்று போகிறவரையெல்லாம் நிறுத்திச் சொன்னார். ஒறுத்தலை வெளியே சொல்லக் கூடாதே என்று பெரியம்மா ஞாபகப்படுத்தியபோது, "நம்ம ஒறுத்தலத்தான சொல்லக் கூடாது, நாயோட ஒறுத்தலச் சொல்லக் கூடாதுன்னு ஃபாதர் சொல்லலயே" என்றார். பெரியம்மாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கூட்டம் போனபிறகு நான் பக்கத்தில் போய் அவன் வயிற்றைத் தடவினேன். உறுமினான். என்னைப் பார்த்து அவன் உறுமியது அதுதான் முதல் தடவை. வயிறு விறைத்துக் கிடந்தது. "பெரியம்மா, இவன் என்னமோ மாதிரி இருக்கான்" என்றேன். "செபத்துல இருக்கிறவனத் தொந்தரவு பண்ணாதளா" என்றாள். கடைசியில் அம்மாதான் வந்து உட்கார்ந்து அவன் மூக்கில் கை வைத்துப் பார்த்தாள். "இவன் செபிக்கல. இவனுக்கு எங்கயோ நோவுது" என்றாள். அதை யாரும் காதில் வாங்கவில்லை. பக்தியான நாய் இருக்கிற வீடு என்ற பெயரை அதற்குள் விட்டுக்கொடுக்க யாருக்கு மனசு வரும்?

பெரிய வியாழன் காலையில் மஞ்சள் மஞ்சளாக நுரை கக்கினான். எழுந்து நிற்க முயன்று சரிந்து விழுந்தான். கண் பாதி மூடியிருந்தது. நான் கத்திய கத்தலில் எல்லோரும் ஓடி வந்தார்கள். அப்புறம் ஆளுக்கொரு வைத்தியம். கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கிற பேத்தை மீனைத் தின்றிருப்பான், அது விஷம்லா என்றார் பெரியப்பா. பெரியம்மா தீர்த்தத்தைத் தெளித்து, அந்தோணியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தாள். அண்ணன் ஃபோனில் தேடி ஒவ்வொரு நோயாக வாசித்துக்கொண்டே போனான். அவன் வாசித்த எல்லா நோயும் கேப்டனுக்கு இருந்தது. ஒன்றிலும் பிழைக்கிற வழி இல்லை. நான் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் செத்துப்போனால் நானும் செத்துப்போவேன் என்று சொல்லிச் சொல்லி அழுதேன். அந்த வயதில் அதை நிஜமாகவே நினைத்துத்தான் சொன்னேன்.

அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். "நாளைக்குப் பெரிய வெள்ளி. ஆஸ்பத்திரியில யாரும் இருக்க மாட்டாவ. இப்பவே தூக்குங்க" என்றாள். கொஞ்ச நாளாகவே அம்மாவின் குரலை யாரும் அவ்வளவு உரக்கக் கேட்டிருக்கவில்லை. பெரியப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார்.

பெரியப்பா பிடித்து வந்தது மீன் ஏற்றுகிற லோடு ஆட்டோ. காலை ஏலத்துக்குப் போய்விட்டு வந்த வண்டி. ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. மற்ற நாளாக இருந்தால் அந்த வண்டி தெரு முனையில் திரும்பும்போதே கேப்டன் எழுந்து நிற்பான். இப்போது மீன் வாடைக்கு நடுவிலேயே கிடத்தினோம், மூக்கைக்கூட அசைக்கவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு மறுபடி அழுகை வந்தது. ஒருவர் போனால் போதும், ஆனால் ஐந்து பேரும் ஏறினோம். ஏன் எல்லோரும் அடித்துப்பிடித்துக்கொண்டு ஏறினார்கள் என்பது எனக்குக் கொஞ்ச நேரத்தில் விளங்கியது.

மாட்டாஸ்பத்திரியில் ஆடுகளும் ஒரு கறவை மாடும் எங்களுக்கு முன்னால் நின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் கேப்டனைப் பார்த்துவிட்டு வழிவிட்டார்கள். டாக்டரம்மா வெளியூர்க்காரர். கொண்டையை இறுக்கிப் போட்டு, புடவைக்கு மேல் வெள்ளைக் கோட்டு மாட்டியிருந்தார். கேப்டனை மேஜைமேல் கிடத்தி, வாயைத் திறந்து பார்த்து, வயிற்றை மெல்ல அழுத்தினார். அவன் முனகினான்.

"முன்னங்காலை மடக்கிட்டு பின்னாடி தூக்கிக்கிட்டு நின்னானா?"

"ஆமா டாக்டர்!" என்றாள் பெரியம்மா, பெருமை தாங்காமல். "நேத்து முழுக்கச் செபத்துலதான் இருந்தான்."

டாக்டரம்மா நிமிர்ந்து, அவன் கழுத்தில் கிடந்த செபமாலையை அப்போதுதான் பார்த்தார். "வயித்துவலி தாங்காத நாய் அப்படித்தாம்மா நிக்கும். எங்க படிப்புலயும் அதுக்குச் செபம் பண்ற நிலைன்னுதான் பேரு. ஆனா செபம் இல்ல" என்றார். பெரியம்மாவின் முகம் தொங்கிப்போனது. பெரியப்பா சுவரில் மாட்டியிருந்த கோமாரித் தடுப்பூசிப் படத்தை ரொம்ப அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தார்.

"சரி, இவன் என்ன சாப்பிடுறான்?"

"சோறும் மீன் தலையும்" என்றார் பெரியப்பா. "வேற ஒண்ணுமில்ல" என்றாள் பெரியம்மா. "ஒண்ணுமே இல்ல" என்றான் அண்ணன்.

"சோறும் மீன் தலையும் தின்னா இந்த உடம்பு வரும்?" என்று டாக்டரம்மா அவன் விலாவைப் பிடித்துக் காட்டினார். பிடி நிறையக் கொழுப்பு வந்தது. அவர் பொறுமையாகச் சொன்னார். முள்ளோ தூண்டில் முள்ளோ உள்ளே மாட்டியிருந்தால் இவனைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோய் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும், இருக்கிற நிலைமைக்கு மயக்க ஊசியைத் தாங்குவானா என்பது சந்தேகம். அப்படி இல்லாமல் எண்ணெயும் கொழுப்புமாகத் தின்று கணையம் வீங்கியிருந்தால் இங்கேயே டிரிப் ஏற்றி ஊசி போட்டுக் காப்பாற்றலாம். "எதுன்னு எனக்குத் தெரியணும். இவன் சொல்ல மாட்டான். நீங்கதான் சொல்லணும்."

நான் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தேன். ஒவ்வொருவரும் தரையைப் பார்த்தார்கள். எதையோ ஒளிக்கிறார்கள் என்று எனக்கே தெரிந்தது. டாக்டரம்மாவுக்குத் தெரியாதா?

"எல்லாரும் வெளிய போங்க. ஒவ்வொருத்தரா உள்ள வாங்க" என்றார். நானும் நகர்ந்தேன்; கேப்டன் தலையைத் தூக்கி ஒரு முனகல் முனகினான். "பாப்பா இருக்கட்டும், தலையைப் பிடிச்சுக்க" என்றார் டாக்டரம்மா. அப்படித்தான் சாமியாரிடம் தனியாகச் சொல்லியிருக்க வேண்டிய எங்கள் குடும்பத்தின் பாவசங்கீர்த்தனம் முழுவதையும் நாலாம் வகுப்புக்காரியான நான் கேட்கும்படி ஆனது.

முதலில் பெரியப்பா வந்தார். அவர் தாழ்ந்த குரலில் பேசி அன்றுதான் கேட்டேன். "டாக்டர், இது வெளிய போகக் கூடாது. வறுத்த சீலா மீன நான் இந்தத் தபசுக்கு விட்டுட்டேன்."

"விட்டதுல என்ன தப்பு?"

"தட்டுல வாங்காம இருந்தா என் வீட்டுக்காரி கண்டுபிடிச்சிருவா. வாங்கிட்டுத் தூரப் போட்டா பாவம். கீழ இவன் இருந்தான்."

"தினமுமா?"

"தினமும். தோலோட" என்றார் பெரியப்பா. அந்தத் தோலின் மொறுமொறுப்பை நினைத்தோ என்னவோ அவர் கண் கலங்கியிருந்தது.

அடுத்து பெரியம்மா. மக்ரூன். பெரியப்பா வாரா வாரம் ஆசையாக வாங்கி வருகிறார், டப்பா குறையாவிட்டால் ஏன் என்று கேட்பார், அதனால் சாயங்காலமானால் எடுத்து இவனுக்குப் போட்டுவிடுவாளாம். "சின்னதுதான் டாக்டர்" என்றாள். "எவ்வளவு?" என்று கேட்டதற்குக் கையைக் குவித்துக் காட்டினாள். கை நிறைய வந்தது. போகிறபோது திரும்பி, "அவுககிட்ட சொல்லிராதீங்க" என்றாள்.

அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டே வந்தான். பரோட்டாவை விட்டிருந்தான். கூட்டாளிகளிடம் சொன்னால் கிண்டல் செய்வார்களாம். அதனால் அவர்கள் வாங்கித் தருவதைப் பார்சல் கட்டிக்கொண்டு வந்து சந்துக்குள் வைத்துக் கேப்டனுக்குக் கொடுத்திருக்கிறான்.

"சால்னாவோடயா?"

"சால்னா இல்லாம எப்படி டாக்டர் திங்க முடியும்?"

"கறி சால்னாவா?"

"ஆமா. ஆனா நான் திங்கல. அவன்தான தின்னான்?" என்றான் அண்ணன், சாமி சத்தியமாக ஒரு தப்பும் செய்யாதவன் குரலில். டாக்டரம்மா திரும்பி நின்று இருமினார். சிரிக்கிறார் என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது.

"நீ என்ன பாப்பா கொடுத்த?" என்று என்னிடமும் கேட்டார்.

"பாகற்காய்."

"தின்னானா?"

"தொடவே இல்ல."

"கெட்டிக்காரன்" என்றார்.

கடைசியாக அம்மா வந்தாள். மற்றவர்கள் மாதிரி இழுக்கவில்லை. "ராத்திரி என் சோறு டாக்டர்" என்றாள்.

"மிச்சம் மீதியா?"

"இல்ல, முழுசும். குழம்பு, மீனு எல்லாத்தையும் சேத்துப் பிசைஞ்சு பின்னால கொண்டுபோய் வச்சிருவேன்."

"அப்ப உங்களுக்கு?"

"தபசுல்லா" என்றாள் அம்மா.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மற்றவர்கள் விட்டது ஒரு துண்டு மீன், ஒரு பலகாரம். என் அம்மா சாப்பாட்டையே விட்டிருக்கிறாள்! ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் இதைச் சொல்ல முடியாதே என்பதுதான் எனக்கிருந்த ஒரே வருத்தம்.

ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த டாக்டரம்மா கையை நிறுத்தி அம்மாவைப் பார்த்தார். மற்ற யாரிடமும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார். "வீட்டுக்காரர் என்ன வேலை?"

"கப்பல்ல இருக்காக."

"இப்ப எங்க இருக்கார்?"

"சூயஸ் தாண்டிட்டாகளாம், ஆபீஸ்ல சொன்னாவ. இனி ஏடன் பக்கம் வரணும். அங்கனதான கொள்ளக்காரனுவ கப்பலப் பிடிக்கானுவ, நியூஸ்ல காட்டுதாவள்லா. போனதும் அந்த வழிதான், வாரதும் அந்த வழிதான்." அம்மா கேப்டனின் காதை நீவிவிட்டபடியே சொன்னாள். "கொழும்பு வந்தாத்தான் பேசுவாக."

டாக்டரம்மா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றி, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "வந்துருவார்மா. இவனும் பொழச்சிருவான்" என்றார். அம்மா அழுதாள். சத்தமில்லாமல், ரொம்ப நேரம் அழுதாள். கேப்டன் மேல் அம்மாவுக்கு இவ்வளவு உயிரா என்று எனக்கு வியப்பாக இருந்தது. அன்று அவள்மேல் பிரியம் பொங்கிக்கொண்டு வந்தது.

டிரிப் ஏறி முடிக்க மத்தியானமானது. வெளியே புங்கமரத்தடியில் நால்வரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா வந்து, தூண்டிலும் இல்லை விஷமும் இல்லை, திருநெல்வேலிக்குப் போக வேண்டாம் என்று சொன்னதும் எனக்குப் போன உயிர் வந்தது. "நாளைக்கு முழுக்க இவனுக்கு ஒண்ணுமே கொடுக்கக் கூடாது. தண்ணியில நாக்க நனைச்சா போதும். சனிக்கிழமை கூட்டிட்டு வாங்க, பார்த்துட்டு கஞ்சித் தண்ணி ஆரம்பிக்கலாம். எண்ணெய் வாசனையே ஆகாது" என்றார்.

"நாளைக்குப் பெரிய வெள்ளி டாக்டர்" என்றாள் பெரியம்மா. தொங்கிய முகம் மறுபடி நிமிர்ந்தது. "முழு ஒருசந்தி."

"இருக்கட்டும். இன்னொண்ணு. இனிமே இந்த வீட்டுல யார் எதை விட்டாலும் அது நாய்க்குப் போகக் கூடாது. புரியுதா?"

"சரி டாக்டர்" என்று நாலு குரல் ஒன்றாக வந்தது. வந்தபிறகுதான் நால்வரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏளா... நீயுமா?" என்றார் பெரியப்பா.

பெரியம்மா முந்தானையால் வாயை மூடினாள். அண்ணன்தான் முதலில் சிரித்தான். பிறகு அடக்க முடியவில்லை. ஆட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். ஆக யார் எதை விட்டார் என்று தெரியாமலேயே, எல்லோரும் விட்டது ஒரே வயிற்றுக்குள் போனது மட்டும் எல்லோருக்கும் தெரிந்துபோனது.

அதற்குப் பிறகு எனக்கு வந்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டவள் நான் ஒருத்திதானே. பெரியப்பா தனியாகக் கூப்பிட்டு மக்ரூன் நீட்டி, "உன் பெரியம்மா என்னத்த விட்டா?" என்று குசுகுசுத்தார். பெரியம்மா வறுத்த சீலாத் துண்டை என் தட்டில் வைத்து, "பெரியப்பா என்னளா சொன்னாக?" என்றாள். ஆளுக்கொரு விடையை அவரவர் கையிலேயே ஏந்திக்கொண்டு என்னிடம் கேட்டார்கள். சங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமியார் வெளியே சொல்ல மாட்டார், நானும் சொல்லவில்லை. ஆனால் கொடுத்ததை வாங்கித் தின்றேன். அதற்குத் தடை எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

பெரிய வெள்ளி முழுக்கக் கேப்டன் தண்ணீரைத் தவிர ஒன்றும் தொடவில்லை. சனிக்கிழமை கஞ்சித் தண்ணீரை நக்கினான். ஈஸ்டர் காலையில் பூசை முடிந்து நாங்கள் திரும்பியபோது வாசலுக்கு நடந்து வந்து வாலை ஆட்டினான். நான் புதுச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து அவனைக் கட்டிக்கொண்டேன். யாரும் திட்டவில்லை. ஈஸ்டர் மட்டன் குழம்பு மணக்க மணக்கக் கொதித்தது. பெரியப்பா கறியும் தின்று, தனியாக மீனும் வறுக்கச் சொல்லித் தின்றார். பெரியம்மா எல்லோர் முன்னிலையிலும் டப்பாவைத் திறந்தாள். அண்ணன் சாயங்காலம் பரோட்டாக் கடையிலிருந்து நடக்க முடியாமல் நடந்து வந்தான்.

அம்மா மட்டும் அன்று ராத்திரியும் சாப்பிடவில்லை. தட்டில் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், பிசைந்தாள். பின்வாசல் வரைக்கும் போய்விட்டு, இனிமேல் கேப்டனுக்குக் கொடுக்கக் கூடாது என்ற ஞாபகம் வந்து, தட்டை மூடி வைத்துவிட்டாள். நான் அடுக்களைக்குப் போய், "ம்மா, ஈஸ்டர் வந்துட்டு. இனி சாப்பிடலாம்" என்றேன். "ஆமாளா, மறந்தே போனேன்" என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்காக இரண்டு வாய் அள்ளிப் போட்டாள். விழுங்க முடியாமல் தண்ணீர் குடித்தாள். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். ஒருசந்தி பழகிவிட்டால் நிறுத்துவது கஷ்டம் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அந்த வாரக் கடைசியில், நான் கேப்டனுக்குக் குழைத்த சோற்றை ஊட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அப்பா பேசினார். கொழும்புத் துறைமுகத்திலிருந்து. என்னிடம் கேப்டனைப் பற்றிக் கேட்டார், நான் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அப்புறம் அம்மா வாங்கினாள். "வந்தாச்சா? நல்லாருக்கீகளா?" என்பதற்கு மேல் அவள் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஃபோனை வைத்தாள். நேரே அடுக்களைக்குப் போனாள். மத்தியானச் சாப்பாடு எல்லோருக்கும் முடிந்திருந்தது. சட்டியில் இருந்த சோற்றை அப்படியே தட்டில் கவிழ்த்து, மீன் குழம்பை ஊற்றி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். உருண்டை உருண்டையாக அள்ளிச் சாப்பிட்டாள். பெரியம்மா வந்து எட்டிப் பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்காமல் அடுப்பைப் பற்ற வைத்து, இரண்டு துண்டு மீனை வறுத்துக் கொண்டுவந்து அவள் தட்டில் வைத்தாள். "மெதுவாத் தின்னுளா, விக்கப்போவுது" என்று அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "இப்பதான் ஞாபகம் வந்துச்சாம்மா, தபசு முடிஞ்சிட்டுன்னு?" என்று கேட்டேன். வாய் நிறையச் சோறோடு அம்மா ஆமாம் என்று தலையாட்டினாள். பெரியவர்கள் இப்படியுமா மறப்பார்கள் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். அடுத்த வருஷம் ஈஸ்டர் பூசை முடிந்ததுமே நான்தான் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டேன்.